பைத்தானா, சி-யா? 250 வருஷத்துக்கு முன்பே புதுச்சேரியில் இந்தக் கேள்வியைச் சந்தித்த பிரெஞ்சு வானியலாளர்

ஒரு வேலைக்கு எந்த புரோகிராமிங் மொழியை எடுப்பது? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களும் ஐடி கம்பெனிகளில் இருப்பவர்களும் அடிக்கடி முட்டிக்கொள்ளும் கேள்வி இது. பைத்தானில் எழுதினால் கோடு சீக்கிரம் முடியும். படிக்க எளிது, தப்பைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ஆனால் கனமான கணக்கு என்றால் மெதுவாகத்தான் ஓடும். சி, சி பிளஸ் பிளஸ் மாதிரி மொழிகளில் எழுதினால் அதே கணக்கு பல மடங்கு வேகமாக ஓடும். ஆனால் எழுதுகிறவருக்கு மண்டை காய்ந்துவிடும்.

வேகம் முக்கியமா, வசதி முக்கியமா என்பதுதான் இந்தச் சண்டையின் சாரம். சி மொழி வந்தது 1972-ல், பைத்தான் வந்தது 1991-ல். ஆனால் சண்டை கம்ப்யூட்டரைவிட வயதில் மூத்தது. 1768-ல் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போடும் இரண்டு உலகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று பாரிஸிலிருந்து அவர் கொண்டுவந்த அட்டவணையும் பேனாவும். இன்னொன்று தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்களின் சோழியும் மனப்பாடமும்.

அவர் பெயர் கியோம் லெ ஜென்டில். அறிவியல் வரலாற்றில் ரொம்ப துரதிர்ஷ்டசாலியான வானியலாளர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய சோகக் கதை பலருக்குத் தெரியும். புதுச்சேரியில் அவர் கற்றுக்கொண்ட கணக்கு அந்த அளவுக்குத் தெரியாது.

யார் இந்த லெ ஜென்டில்?

1725 செப்டம்பர் 12-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் உள்ள கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காக இறையியல் படிக்கத்தான் பாரிஸுக்குப் போனார். அங்கே ஜோசப் நிக்கோலா டெலில் என்ற வானியலாளரின் வகுப்புகளைக் கேட்கப் போய், பாதை மாறிவிட்டது. பாரிஸ் வான் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1749-ல், ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு அருகே தெரியும் எம்32 என்ற சின்ன கேலக்ஸியை முதலில் பதிவு செய்தவர் இவர்தான்.

அந்தக் காலத்து வானியலின் மிகப் பெரிய கேள்வி, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. அதற்கு எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொல்லியிருந்தார். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளி கிரகம் வரும்போது, சூரியனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி ஊர்ந்து போவதுபோலத் தெரியும். இதுதான் வெள்ளி இடைநகர்வு. உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அந்தப் புள்ளி நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் துல்லியமாகக் குறித்தால், சூரியனின் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

சிக்கல் என்னன்னா, இது அடிக்கடி நடக்காது. 8 வருஷ இடைவெளியில் ஒரு ஜோடியாக வரும், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1761-லும் 1769-லும் வந்தது. அதை விட்டால் 1874-தான்.

முதல் வாய்ப்பு எப்படிப் போனது?

பல நாடுகளும் ஆட்களை அனுப்பின. பிரான்ஸ் அனுப்பியவர்களில் லெ ஜென்டிலுக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி. 1760 மார்ச் 26-ல் பிரான்ஸிலிருந்து கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ் வந்து சேர்ந்தார். அப்போது பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரிக்குக் கப்பல் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆனது.

1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. அது மலபார் கரையில் மாஹே பக்கம் வந்தபோதுதான் மாஹேயும் புதுச்சேரியும் பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது தெரிந்தது. கப்பல் மொரீஷியஸுக்கே திரும்பியது. ஜூன் 6-ம் தேதி, இடைநகர்வு நடந்தபோது லெ ஜென்டில் நடுக்கடலில் இருந்தார். வானம் பளிச்சென்று இருந்தது. வெள்ளியைப் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரத்தை வைத்து நேரம் குறிக்க முடியாது, கப்பல் நிற்கும் இடமும் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்தும் அறிவியலுக்குப் பயன் இல்லாமல் போனது.

ஊருக்குத் திரும்பாமல், அடுத்த 8 வருஷமும் இந்தப் பக்கமே இருந்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்தார். மடகாஸ்கர் கரையை வரைபடமாக்கினார். 1769-க்கு மணிலாதான் சரியான இடம் என்று கணக்குப் போட்டு அங்கேயும் போனார். ஆனால் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு அவர்மேல் சந்தேகம். பாரிஸ் அறிவியல் கழகமும் புதுச்சேரிக்கே போகச் சொன்னது. போருக்குப் பிறகான பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுச்சேரி அதற்குள் மீண்டும் பிரான்ஸிடம் வந்திருந்தது.

1768 மார்ச் 27-ல் லெ ஜென்டில் புதுச்சேரியில் கால் வைத்தார். பிரிட்டிஷார் இடித்துத் தள்ளிய கோட்டையின் இடிபாடுகள்மேல் ஆளுநர் லா டி லோரிஸ்டன் அவருக்கு ஒரு வான் ஆய்வகம் கட்டிக்கொடுத்தார். சென்னையிலிருந்த பிரிட்டிஷார்கூட, பழைய பகையைப் பார்க்காமல், ஒரு நல்ல தொலைநோக்கியைக் கொடுத்து உதவினார்கள். இடைநகர்வுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்த அவகாசத்தில்தான் அவர் பார்வை தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர்கள் பக்கம் திரும்பியது.

சோழியை வைத்து கிரகணக் கணக்கா?

லெ ஜென்டிலை ஆச்சரியப்படுத்திய முதல் விஷயம், இவர்கள் எழுதுவதே இல்லை என்பது. சந்திர கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டால், பேனாவும் காகிதமும் எடுக்காமல் சோழிகளை எடுத்துப் பரப்பி உட்கார்ந்துவிடுவார்கள். சோழிகளை வரிசையாக வைப்பது, நகர்த்துவது, எடுப்பது, இவ்வளவுதான் வெளியே தெரியும் வேலை. தேவையான அட்டவணைகள் எல்லாம் தலைக்குள்ளே இருந்தன.

பாரிஸில் அவர் பழகிய முறை வேறு. நிலவின் ஓட்டம் சீரானது அல்ல. பூமி இழுக்கிறது, சூரியனும் இழுக்கிறது. ஆகவே சராசரி இடத்தை முதலில் கண்டுபிடித்து, அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் காகிதத்தில் ஏறும். அன்றைக்கு இதில் உச்சம் என்று கருதப்பட்டது ஜெர்மானிய வானியலாளர் டோபியாஸ் மேயரின் நிலவு அட்டவணை. அதன் துல்லியத்துக்காக 1765-ல் பிரிட்டன், மேயரின் மனைவிக்கு 3,000 பவுண்ட் பரிசு கொடுத்தது. மேயர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் துணையோடு லெ ஜென்டில் இந்தச் சோழிக் கணக்கைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

வாக்கிய முறை எப்படி வேலை செய்கிறது?

இன்றும் பாம்புப் பஞ்சாங்கம் வாங்குகிற வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் பழக்கமானது. அந்த வாக்கியம்தான் இது.

நிலவு பூமிக்கு மிக அருகே வந்து, விலகிப் போய், மறுபடி அருகே வர சுமார் 27.55 நாள் ஆகும். இப்படி 9 சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அதாவது 248 நாளுக்கு ஒருமுறை நிலவின் வேக மாற்றம் அதே வரிசையில் திரும்ப வருகிறது. அப்படியானால் தினமும் புதிதாகக் கணக்குப் போடத் தேவையில்லை. 248 நாளுக்கும் நிலவின் இடத்தை ஒரேயொரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அந்த 248 எண்களையும் எப்படி மனப்பாடம் செய்வது? அதற்குத்தான் கடபயாதி முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு எண் என்று வைத்து, எண்களைச் சின்னச் சின்ன சமஸ்கிருதச் சொற்றொடர்களாக மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். பாட்டுபோல மனதில் நிற்கும்.

இனி கணக்கு சுலபம். கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எடுக்க வேண்டும். அதிலிருந்து பெரிய சுற்றுகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 12,372 நாள் என்பது 449 சுற்று, 3,031 நாள் என்பது 110 சுற்று, கடைசியாக 248. மிச்சம் நிற்கும் எண் எதுவோ, அந்த எண்ணுள்ள வாக்கியத்தைச் சொன்னால் நிலவின் இடம் கிடைக்கும் வழி வந்துவிடும். சோழி வேண்டியது இந்தக் கழித்தலுக்கும் கூட்டலுக்கும்தான்.

கோடு எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வகுத்து மிச்சம் எடுத்து, முன்கூட்டியே தயாரித்து வைத்த பட்டியலில் அந்த இடத்தைப் பார்ப்பது. லுக்-அப் டேபிள் என்று இன்றைக்குச் சொல்வது இதைத்தான். கனமான கணக்கை எல்லாம் ஒருமுறை செய்து நினைவகத்தில் ஏற்றிவிட்டால், ஓடும்போது வேகம் பறக்கும். இங்கே நினைவகம் என்பது மனிதனின் மூளை.

41 விநாடியா, 68 விநாடியா?

வேகம் இருந்தால் துல்லியம் குறையுமே என்ற சந்தேகம் லெ ஜென்டிலுக்கும் இருந்திருக்கும். சோதித்துப் பார்க்க, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு கிரகணத்தை எடுத்துக்கொண்டார். அது 1765 ஆகஸ்ட் 30-ல் நிகழ்ந்த சந்திர கிரகணம்.

தமிழ் முறையில் வந்த கிரகண நேரம், உண்மையைவிட 41 விநாடி குறைவு. மேயரின் அட்டவணைப்படி வந்தது 68 விநாடி அதிகம். ஐரோப்பாவின் பரிசு பெற்ற அட்டவணையைவிட, சோழி அந்த ஒரு கிரகணத்தில் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

இதை மட்டும் வைத்து தமிழ் முறைதான் உலகிலேயே சிறந்தது என்று ஃபார்வர்டு மெசேஜ் போடுவது சரியாக இருக்காது. ஒரு கிரகணம் என்பது ஒரு டெஸ்ட் கேஸ்தான். ஆனால் லெ ஜென்டில் இந்த முடிவை மறைக்கவில்லை. தங்கள் முறையைவிட இது வேகமானது என்றே பட்டதாகத் தன் நூலில் எழுதினார்.

சுவாரஸ்யம் என்னன்னா, அதே சமயத்தில் ஐரோப்பாவும் இந்த வழிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. நிலவை வைத்துக் கப்பலின் இடத்தைக் கண்டுபிடிக்க மாலுமிகளுக்குச் சுமார் 4 மணி நேரக் கணக்கு தேவைப்பட்டது. 1767 முதல் கிரீன்விச்சிலிருந்து நெவில் மஸ்கலின் வெளியிட்ட கடல் பஞ்சாங்கம், கனமான பகுதியைக் கரையிலேயே ஆட்களை வைத்துக் கணக்கிட்டு அச்சடித்துக் கொடுத்தது. மாலுமியின் வேலை அரை மணி நேரமாகக் குறைந்தது. அதுவும் லுக்-அப் டேபிள்தான். வித்தியாசம், அது அச்சில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கவும் முடிந்தது.

அப்போ குறையே இல்லையா?

இருந்தது. அதையும் லெ ஜென்டிலே கவனித்தார். சோழியில் கணக்குப் போகப் போக, முந்தைய படி கலைந்துவிடுகிறது. முடிவில் தப்பு வந்தால், எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. கணக்கைச் சேமித்து வைக்கவும் முடியாது. முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதுதான்.

இன்றைய பாஷையில் சொன்னால், லாக் இல்லை, டீபக் செய்ய முடியாது. இவ்வளவு வேகத்துக்கும் கொடுக்கும் விலை அது.

ஆனால் இந்தக் கணிதர்கள் தப்பு செய்வது ரொம்ப அபூர்வம் என்றும் அவர் பதிவு செய்தார். பதற்றமே இல்லாமல், அமைதியாக வேலை செய்வதைப் பார்த்து, அந்த நிதானம் ஐரோப்பியர்களுக்கு வராது என்று நினைத்தார். கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது. அவரவர் முறையை அவரவர் வைத்துக்கொள்வதே நல்லது, இந்த முறை இவர்களுக்காகவே உருவானது. பயிற்சி பெற்ற கைக்கு அது சாதகம். மற்றவருக்கு அதுவே சுமை.

1769-ல் என்ன நடந்தது?

1769 ஜூன் 4 அதிகாலை. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருக்கும், காலை 7 மணிவாக்கில் வெளியேறிவிடும். அதற்கு முந்தைய நாள்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. கருவிகள் எல்லாம் தயார். ஆனால் அன்று காலை மட்டும் மேகம் மூடியது. இடைநகர்வு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவரால் பேனாவையே எடுக்க முடியவில்லை. உடம்பும் கெட்டது, வயிற்றுக்கடுப்பில் படுத்தார். 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். வழியில் புயலில் சிக்கி மொரீஷியஸுக்கே திரும்பி, பிறகு ஸ்பானியக் கப்பலில் ஏறி, ஸ்பெயினிலிருந்து தரைவழியாக 1771 அக்டோபரில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். புறப்பட்டு 11 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஊரில் அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். உறவினர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது. வழக்கு நடத்தி அலைந்தார், அதிலும் செலவுதான் மிஞ்சியது. பிறகு கழகத்தில் மறுபடி இடம் கிடைத்தது. திருமணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். 1792 அக்டோபர் 22-ல் பாரிஸில் இறந்தார்.

எந்த வேலைக்காகப் போனாரோ அதில் ஒரு எண்கூட அவர் கையில் இல்லை. ஆனால் 1779-லும் 1781-லும் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய பயண நூல், தமிழ்க் கணக்கு முறையை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னது. அவர் கொண்டுபோன அட்டவணைகள், ஐரோப்பிய நூல்களில் 'திர்வலூர்' அட்டவணைகள் என்ற பெயரில் பிரபலமாகின. பிரான்ஸில் பாய்யி, ஸ்காட்லாந்தில் ஜான் பிளேஃபேர் போன்றவர்கள் அதை வைத்து இந்திய வானியலைப் பற்றி எழுதினார்கள்.

அந்த முறை பிறகு என்ன ஆனது?

இதற்கும் பதில் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1825-ல் ராணுவ அதிகாரி ஜான் வாரன், 'கால சங்கலித' என்ற நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதரிடம் கிரகணக் கணக்குக் கேட்டார். அவரும் தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே போட்டுக் காட்டினார். லெ ஜென்டில் பார்த்ததற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் முறை அப்படியே உயிரோடு இருந்தது.

ஆனால் இந்த முறை விடை அவ்வளவு சரியாக வரவில்லை. 1825 மே 31 இரவு நடந்த கிரகணத்துக்கு, தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்று பிழை இருந்தது. கணிதரின் நினைவாற்றல் அபாரம் என்று வாரன் எழுதினார். கூடவே, அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்பதையும் எழுதினார். ஓட்டத் தெரியும், திறந்து பார்த்துத் திருத்தத் தெரியாது.

திருத்தவே முடியாத முறை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 14-ம் நூற்றாண்டு வாக்கில் கேரளத்தின் மாதவர் இதே 248 வாக்கியங்களை இன்னும் நுட்பமான எண்களோடு புதிதாக எழுதினார். அவருடைய வழியில் வந்த பரமேஸ்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்து, 1431-ல் கணக்கையே சீர் செய்தார். கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும் கணிதம் என்பதால் அதற்கு திருக்கணிதம் என்று பெயர். திருத்தத் தெரிந்த ஒருவர் இருக்கும்வரை வேகமான முறை ஆபத்தில்லை. அவர் இல்லாதபோதுதான் பிழை சத்தமில்லாமல் சேர்கிறது.

இன்றைக்கு இது எங்கே தெரிகிறது?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியில் உள்ள திருநள்ளாறில் தெரிகிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17. கோயில் பின்பற்றும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. ஏறக்குறைய 11 மாத வித்தியாசம். 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்ற பேச்சு பரவியபோதும், வாக்கியப்படி அது 2026-ல்தான் என்று கோயில் தரப்பில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கோயில் வழிபாட்டில் எதைப் பின்பற்றுவது என்பது மரபு சார்ந்த முடிவு. ஆனால் இரண்டு தேதி ஏன் வருகிறது என்பதற்கு முக்கியக் காரணம், ஒன்று பழைய அடிப்படை எண்களை அப்படியே வைத்திருக்கிறது, இன்னொன்று அவற்றைப் புதுப்பித்துக்கொள்கிறது.

புரோகிராமிங் மொழி தேர்விலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். இந்தக் கணக்கு ஒரு தடவை ஓடுமா, கோடி தடவை ஓடுமா? தப்பு வந்தால் எங்கே என்று தேட முடியுமா? எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, வருகிறவர் அதைத் திறந்து திருத்துவாரா? கோடி தடவை ஓடும் என்றால், எழுதக் கஷ்டப்பட்டாலும் வேகமான மொழி லாபம். மாதா மாதம் மாற்ற வேண்டிய வேலை என்றால், படிக்க எளிதான மொழிதான் பணத்தையும் தூக்கத்தையும் காப்பாற்றும்.

நடைமுறையில் பலரும் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். பைத்தானில் கணக்குப் போட நம்பை என்ற தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதுவது எளிய பைத்தான். உள்ளே கனமான வேலையைச் செய்வது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட பகுதி. அந்த உள் பகுதியைத் திறந்து திருத்தத் தெரிந்த சிலர் எப்போதும் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. 1825-ல் புதுச்சேரிக் கணிதரின் சோழிகளுக்கு அப்படி ஒருவர் இல்லாமல் போனார்.